வெயிலுக்குப் பயந்து கட்டிய பெட்டி

எங்கள் மருத்துவமனையில் என்னோடு வேலை பார்த்த இளம் செவிலியர்களில் ஒருத்தி ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போகிறாள். போன வாரம் கைபேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், அங்க பயங்கர வெயிலாம். கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னே தெரியாதாம். பெட்டியில என்னென்ன எடுத்து வைக்கட்டும்?"

கூடவே, வெப்பமான, வசதி குறைந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று யாரோ எழுதியிருந்ததையும் அனுப்பியிருந்தாள். கொசுவலை, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, முழுக்கைப் பருத்திச் சட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச்சு, தொப்பி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாசித்து முடிக்காமலே கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். இதே சாமான்கள் அத்தனையும் போடியில் ஒரு கட்டிலின் மேல் பரப்பிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பக்கத்துக் கட்டிலில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தேவாரத்தில் பிறந்தவள். மதுரையில் செவிலியர் படிப்பு படித்தேன். விடுதிச் சாம்பாரைத் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்து முடித்ததும் போடியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். ஏலக்காய்த் தோட்டங்களில் விழுந்து அடிபட்டு வருகிறவர்கள், பாம்புக்கடி, பிரசவம், காய்ச்சல். குரங்கணிப் பக்கம் மலையேற வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு அவர்களும் வந்தார்கள்.

மருத்துவமனையை நடத்தியவர் டாக்டர் கோமதி. ஒல்லியான உடம்பு. ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருப்பார். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் முன் அதன் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவசரம் கூடக் கூட அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போகும். அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தால் நிலைமை மோசம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பயணத்தில் இருந்து யார் சுகமில்லாமல் வந்தாலும் முதலுதவி தொடங்கிய கையோடு, "அவங்க பையைக் கொட்டுங்க சிஸ்டர்" என்பார். பக்கத்துக் கட்டிலில் பச்சை ரப்பர் விரிப்பை விரிப்போம். பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டுவோம். தின்கிற பொருள் தலைமாட்டில், மருந்து மாத்திரை நடுவில், பாட்டில்கள் கால்மாட்டில். டாக்டர் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து முகர்ந்து பார்ப்பார். மாத்திரை அட்டைகளில் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "இதை யார் எடுத்து வச்சது?" என்று கேட்பார். குற்றம் சாட்டும் தொனி அதில் இருக்காது. எடுத்து வைத்தவருக்குத்தான் அதைப் பற்றி முழுதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

சேர்ந்த புதிதில் எனக்கு இது பிடிக்கவில்லை. அடுத்தவர் பையைக் கொட்டுவது என்ன மரியாதை என்று தோன்றியது. ஒரு நாள் மத்தியானம் அந்த எண்ணம் போய்விட்டது.

குரங்கணியில் இருந்து ஜீப்பில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நடுத்தர வயது. விடாத இருமல். வாயில் பெட்ரோல் வாடை. கூட வந்த நண்பர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேலே ஏறும்போது தாகத்தில் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டாராம். ஒருவர் வழியிலேயே உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்.

"குடிக்கச் சொல்லுங்க சிஸ்டர், வாந்தி எடுத்துட்டா சரியாயிரும்" என்று தம்ளரை என்னிடம் நீட்டினார்.

டாக்டர் அந்தத் தம்ளரை வாங்கித் தொட்டியில் ஊற்றினார். "வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுப்பா. மேல வரும்போது நுரையீரலுக்குள்ள போயிரும். யாரும் அவர் வாய்ல விரல் விடாதீங்க." ஏறக்குறைய ரகசியம் சொல்வதுபோல இருந்தது அவர் குரல்.

பையைக் கொட்டினோம். மூன்று கேமரா. வாட்டிய கோழி ஒரு பொட்டலம். நான்கு பேருக்கும் சேர்த்துக் குடிதண்ணீர் ஒரே ஒரு பாட்டில். அதே அளவில், அதே நீல மூடியோடு இன்னொரு பாட்டில், பாதி பெட்ரோலோடு. காட்டில் தீ மூட்டவே கூடாது. இவர்களோ ஈர விறகைப் பற்றவைப்பதற்காகப் பெட்ரோல் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"இதை யார் எடுத்து வச்சது?"

ஒருவர் கையைத் தூக்கினார். குடித்தவரின் மைத்துனர். கையைத் தூக்கியபடியே சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அதிர்ச்சி ஒரு மனிதனை அப்படியும் பிடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நோயாளி தேனி பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்தார். அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் முன்பே நான் ரப்பர் விரிப்பை எடுக்க ஆரம்பித்தேன்.

இனி யாழினியின் கதை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை. வெயில் உச்சியில் நின்ற நேரம், வாசலில் ஒரு ஜீப்பு வந்து குலுங்கி நின்றது. உயரமான ஒருவர், வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல், பெரிய பெண் ஒருத்தியைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்.

"சிஸ்டரு, வெரசா வாங்க! எம் மருமக பேச மாட்டேங்குது!"

அவர் தங்கராசு. போடியில் வீடு, மேலே மலைச் சரிவில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். அவர் பின்னாலேயே அவருடைய தங்கை சுமதி ஓடி வந்தாள். போடியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனவள். அவளுடைய மகள்தான் யாழினி. சின்ன வயதில் இருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் உயிரோடு இருக்க முடியாத வகை. அந்தப் பெண்ணுக்கு நினைவு தெரிந்து போடிக்கு வருவது இதுதான் முதல் தடவை.

கட்டிலில் போட்டதும் நான் கவனித்தது அவளுடைய மூச்சை. ஆழமாக, வேகமாக, ஓடி வந்து நின்றவள் போல. வாயருகே குனிந்தால் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே வாந்தி எடுத்தா டாக்டர்" என்றாள் சுமதி. "ஜீப்புல போனதுனாலன்னு நினைச்சோம். தோட்டத்துக்குப் போயும் நிக்கல. வயித்து வலின்னா. தண்ணி மாத்திரை போட்ட தண்ணியத் தவிர வேற எதுவும் குடுக்கல. எல்லாம் பாத்துப் பாத்துத்தான்..."

"நாந்தான் எளநி குடுத்தேன்" என்றார் தங்கராசு. "குளுக்கோசும் கரைச்சுக் குடுத்தேன். சோந்து போச்சேன்னு."

"சர்க்கரை பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

சுமதி தன் கைபேசியைக் காட்டினாள். மகளின் மேல்கையில் ஒட்டியிருந்த சிறிய வட்டக் கருவி சர்க்கரை அளவைக் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அது முதல் நாளில் இருந்தே மிக அதிகம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

"வேர்வையில அது கழண்டு கழண்டு வந்துச்சு. சூட்டுல தப்பாக் காட்டும்னு போட்டிருக்காங்க. அதனால அதை நம்பல. ஆனா ஊசி நிறுத்தவே இல்ல டாக்டர். கூடுதலாவே போட்டோம். இறங்கிரும் இறங்கிரும்னு பாத்துட்டே இருந்தோம்."

நான் விரலில் குத்தி எங்கள் கருவியில் பார்த்தேன். எண் வரவில்லை. அதன் அளவுக்கும் மேலே போய்விட்டது என்பதற்கான எழுத்துதான் வந்தது. சிறுநீரில் நனைத்த பட்டை கருஞ்சிவப்பாக மாறியது; ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்று அதற்குப் பொருள்.

டாக்டர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. காதை அருகே கொண்டுபோனேன்.

"ரெண்டு கையிலயும் ஊசி ஏத்துங்க. சலைன் ஓடட்டும். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புங்க, பொட்டாசியம் முதல்ல தெரியணும். தேனிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. நம்ம ஃப்ரிட்ஜ்ல இருக்கிற இன்சுலினை எடுத்து வைங்க, அவங்களோடது வேண்டாம்."

அவங்களோடது வேண்டாம் என்றபோது எனக்குச் சுரீர் என்றது. அதுவரை அந்தப் பக்கம் என் புத்தி போகவில்லை.

நரம்பு ஒடுங்கிக் கிடந்ததால் ஊசி ஏற்றுவது சிரமமாக இருந்தது. இரண்டு கையிலும் சலைன் இறங்க ஆரம்பித்த பிறகு பையைக் கொட்டினோம்.

என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு பையை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் பையில். கொசுவலை. கொசு விரட்டும் களிம்பில் இரண்டு வகை. வெயில் களிம்பு. தண்ணீர் மாத்திரை. கரைசல் பொட்டலங்கள். கிருமி நாசினி, கட்டுத் துணி, கையுறை, முகக்கவசம். டார்ச்சு, அதற்கு மாற்று பேட்டரி. முழுக்கைச் சட்டைகள். இந்த ஊர் அரசமரத்தடியில் விளையாடியவள், இந்த ஊர்க் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தவள், முன்பின் தெரியாத தேசத்துக்குப் போவதுபோல மகளுக்குப் பெட்டி கட்டியிருந்தாள். பார்த்தபோது எனக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. ஆனால் எதையும் அவள் விட்டிருக்கவில்லை. இன்சுலின் பேனாக்களைக் குளிர் காக்கும் நீலப் பை ஒன்றில் வைத்திருந்தாள்.

டாக்டர் ஒரு பேனாவைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். மெதுவாகச் சாய்த்தார். தெளிந்த மருந்துக்குள் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. அடுத்ததை எடுத்தார். அதிலும். ஒன்றில் கண்ணாடியே மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது.

"இது உறைஞ்சிருக்கு" என்றார்.

"சான்சே இல்ல டாக்டர்" என்றாள் சுமதி. "வெயில் பட்டாக் கெட்டுப் போகும்னு ப்ளேன்ல மடியிலயே வச்சிருந்தேன். மதுரையில இருந்து கார்ல வரும்போதும் கையிலதான். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போயிருச்சு."

"ஃப்ரிட்ஜ்ல யார் எடுத்து வச்சது?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கராசு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல ஓரடி உள்ளே வந்தார்.

"நாந்தான் டாக்டரம்மா. தங்கச்சி, இதை ஃப்ரிட்ஜ்ல வையிண்ணேன்னு குடுத்துட்டு அசதியில தூங்கிருச்சு. கரண்டு போயிப் போயி வந்துச்சு. கீழ வச்சா சூடேறிருமேன்னு மேல, ஐஸ் வைக்கிற எடத்துல வச்சேன். விலை ஒசந்த மருந்து, பிள்ளைக்கு உசுரு அதுதாம்னு சொல்லுவாகளே, அதான்."

"அப்புறம்?"

"காலையில பாத்தா கல்லு மாதிரி ஆயிருந்துச்சு. எடுத்துக் கீழ்த்தட்டுல வச்சேன். செத்த நேரத்துல பழையபடி ஆயிருச்சு. தண்ணி ஐசாகி ஐசு தண்ணியாகுறதுதானேன்னு யார்கிட்டயும் சொல்லல."

கொண்டுவந்த பேனாக்கள் அத்தனையும் அந்த ஒரு பைக்குள்தான் இருந்தன. மருந்து என்று நம்பி வெறும் தண்ணீரை அந்தப் பிள்ளைக்கு அவர்கள் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சுமதி அண்ணன்மேல் பாய்வாள் என்று நினைத்தேன். அவள் அழக்கூட இல்லை. கட்டிலில் பரப்பியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். களிம்பை அதன் ஜிப் பையில் போட்டு மூடினாள். டார்ச்சைத் துடைத்து வைத்தாள். பேட்டரிகளைச் சேர்த்து வைத்தாள். ஜிப் நகராமல் சிக்கியபோது திரும்பத் திரும்ப இழுத்தாள். நான் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தன.

தங்கராசு எங்களையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வச்சது தப்புங்களா டாக்டரம்மா?"

டாக்டர் ஏதாவது சொல்லி மழுப்பிவிட மாட்டாரா என்று எனக்கு இருந்தது. அந்த மனிதர் முகம் அப்படி.

"ஆமாப்பா. தப்பு" என்றார். "இன்சுலின் உறைஞ்சா செத்துப்போயிரும். உருகினாலும் திரும்ப மருந்தாகாது. நீங்க மேல வச்சதுனாலதான் இப்படி ஆச்சு. வேணும்னு செய்யல, அதுவும் எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வந்துருச்சு, நீங்களும் ஏறி அவ கால்மாட்டுல உக்காருங்க."

பிறகு ஒரு நாள் நான் மனசு ஆறாமல் கேட்டேன், அந்த நேரத்தில் அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று. டாக்டர் கடிகாரத்தைத் திருகிக்கொண்டே, "சொல்லாம விட்டா இன்னொரு நாள் இன்னொரு பிள்ளை மருந்தையும் அன்பா மேல வைப்பாரு சிஸ்டர்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

தேனிக்குப் போகும் வழியெல்லாம் சலைன் புட்டியைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சில் நின்றேன். டாக்டர் பெண்ணின் மணிக்கட்டை விடவில்லை. சுமதி மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். தங்கராசு கால்மாட்டில் இருந்தார், ஆனால் காலைத் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் யாழினி கண்ணைத் திறந்து, "மாமா, தண்ணி" என்றாள். தண்ணீர் பாட்டில் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சிஸ்டரு, நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

நான் பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தேன்.

யாழினி பிழைத்துக்கொண்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து அவளைச் சாதாரண அறைக்கு மாற்றிய பிறகு பார்க்கப் போனேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கராசு வராந்தாவிலேயே நின்றார். சுமதி வெளியே வந்து, என் எதிரிலேயே அவரிடம் சொன்னாள்:

"அண்ணே, ஒன்மேல எனக்குக் கோவமில்ல. ஆனா இனிமே எம் பொண்ணோட சாமான் எதையும் நீ தொடாத."

"தொடல தாயி" என்றார் அவர். அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்றும், காரில் பெட்டி ஏற்றும்போது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதாகக் கேள்விப்பட்டேன். மருமகளுக்குக் காது குத்த மடி கொடுத்த தாய்மாமன்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, அடுத்த கோடையில், அவர் என்னைத் தேடி வந்தார். மெலிந்திருந்தார்.

"சிஸ்டரு, யாழினி வருது. தனியா வருதாம். அம்மாகூடச் சண்டை போட்டு வருதாம். மதுரையில இருந்து ரயிலேறிட்டேன்னு போன் வந்துச்சு. நீங்க ஸ்டேசனுக்கு வரணும்."

"நான் எதுக்குண்ணே?"

"அந்த மருந்துப் பைய நீங்க வாங்கிக்கங்க. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. எங்க வீட்டுல வேணாம்." கொஞ்சம் தயங்கி, "மேல இருக்கிற ஐஸ் ரூமை நான் டேப்பு ஒட்டி மூடிட்டேன். ஒரு வருசமா யாரும் தெறக்கல. இருந்தாலும் வேணாம்" என்றார்.

போனேன். போடி ரயில் நிலையத்தில் கூட்டமில்லை. யாழினி முதுகில் பெரிய பையோடு இறங்கினாள். வளர்ந்திருந்தாள். கழுத்தில் அந்த நீலப் பை தொங்கியது. தங்கராசு அவளைப் பார்த்ததும் சிரித்து, இரண்டடி முன்னால் போய், பிறகு ஓரடி பின்னால் வந்துவிட்டார்.

"வா ஆத்தா. அத... அதச் சிஸ்டர்கிட்ட குடுத்துரு."

"ஏன் மாமா?" அவள் தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறியது. "நான் உங்க வீட்டுலதானே இருக்கப் போறேன்?"

"நான் தொட மாட்டேன்னு ஒங்கம்மாட்ட சொல்லிருக்கேன்."

"அது அம்மாட்ட. நான் கேக்கலையே." பையைக் கழற்றினாள். "நடுத் தட்டு. பின்பக்கச் சுவத்துல ஒட்டக் கூடாது. மேல வைக்கவே கூடாது. சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். போன வருடம் அந்தக் கையால் சாவின் விளிம்புக்குப் போய் வந்தவள், அதே கையிடம் அதைத் திரும்ப நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நடுத் தட்டு" என்றார் தங்கராசு. "பின்பக்கம் ஒட்டக் கூடாது. மேல வைக்கவே கூடாது."

அவள் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பெரிய பையை ஜீப்பில் எறிந்து ஏறிக்கொண்டாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். எஞ்சின் சூடு படும் என்று பையை மடியில் வைக்கவில்லை. உடம்புச் சூடு படும் என்று நெஞ்சோடு அணைக்கவும் இல்லை. வலது கையை முன்னால் நீட்டி, பையைக் காற்றில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பை ஊசலாடியது. வீடு வந்து சேரும்வரை அவர் அந்தக் கையை மடக்கவில்லை.